துருப்பிடித்த ஏழு

எங்கள் தீவில் ஆண்கள்
ஐந்தடி நான்கு அங்குலத்தோடு நின்றுவிடுகிறார்கள்.
கூடை பத்தடி உயரத்தில்.
மிச்சத்தை எதைக்கொண்டு நிரப்புகிறீர்கள் என்று
கேட்டுவிடாதீர்கள்.
தென்னை மரம் இருக்கிறது. ஆணி இருக்கிறது.
உடைந்த படகின் பலகை,
பீப்பாயிலிருந்து கழற்றிய இரும்பு வளையம்.
காலில் ரப்பர் செருப்பு;
எம்பும்போது அதில் ஒன்று
தரையிலேயே தங்கிவிடும்.

நான் தியோஃபிலா. ஆட்டக்காரி அல்ல.
இருபத்திரண்டு வருடமாகப் பலகையில்
எண் புரட்டுகிறவள்.
இடப்பக்கம் உள்ளூர், வலப்பக்கம் விருந்தினர்.
தகர அட்டைகள். வலப்பக்கத்து ஏழில் மட்டும் துரு.
ஏழு வரும்போதெல்லாம் விரலில் கறை.

குளிர்தேசம் ஒன்றில்
பீச் பழக்கூடையை மாடத்தில் அறைந்து
தொடங்கினார்களாம் இதை.
அடி இருந்த கூடை.
விழுந்த பந்தை ஒவ்வொரு முறையும்
யாராவது ஏணியில் ஏறி எடுத்துத் தரவேண்டும்.
பிறகு அடி போனது.
ஓட்டைக் கூடை எதற்கு ஆகும் என்பார்கள்,
இதற்கு
ஓட்டை விழுந்த பிறகுதான் மூச்சே வந்தது.

எங்களிடம் கப்பலில் வந்தது,
சாக்குக்கட்டி, கரும்பலகை, டப்பா மீனோடு.
முதலில் பெண்பிள்ளைகள் கையில்தான் கொடுத்தார்கள்.
நகராட்சி அலுவலகத்தில் ஒரு புகைப்படம் உண்டு:
பலூன் போல் உப்பிய கால்சட்டையில் ஐந்து பேர்.
கணுக்கால் தெரிகிறதென்று
ஞாயிறு பூசையில் பாதிரியார் கொதித்தாராம்.
ஐந்தாமவளின் முகத்தைக் கரையான் தின்றுவிட்டது.
பந்து அவள் கையில்தான் இருக்கிறது.
அப்புறம் ஆண்கள் கேட்டார்கள், கொஞ்சநேரம் என்று.
இன்னும் திருப்பித் தரவில்லை.

கூரை போட்ட மைதானம் ஊருக்கு ஒன்றே.
கோட்டுக்குள் நெல் காயும்.
தேர்தலன்று அங்கேதான் ஓட்டுப் பெட்டி,
செவ்வாயன்று தடுப்பூசி, அழுகை.
ரொசாலிட்டோ செத்தபோது
வளையத்தின் கீழே வைத்திருந்தோம் அவனை.
மூன்றாம் இரவு அரையிறுதி ஆட்டம்.
பெட்டியை ஓரமாக நகர்த்தினோம், அவ்வளவுதான்.
அவன் அண்ணன் டியோஸ்கோரோ
கறுப்புச் சட்டையைக் கழற்றாமல்
பதினெட்டுப் புள்ளி எடுத்தான்.

பிறகு அந்தப் புயல்.
கடல் ஊருக்குள் வந்தது,
ஒரு மணி நேரம் இருந்தது, போனது.
கூரையைக் கொண்டுபோனது.
பலகையை விட்டுவிட்டது.
ஊர்த்தலைவி கொன்சோலாசியோன்
சேற்றுக்காலோடு வந்து சொன்னாள்:
‘ஃபிலா, கணக்கு வை. உனக்குத்தானே பழக்கம்.’

உள்ளூர்ப் பக்கம் கிடைத்தவர்கள்,
எப்படிக் கிடைத்தாலும்.
விருந்தினர் பக்கம் இன்னும் வராதவர்கள்.
முதல் நாள்
முப்பத்தொன்று, அறுபத்துநான்கு.
பையன்கள் ஓடிவந்து சொல்வார்கள், நான் புரட்டுவேன்.
மைதானம் நிறைய ஜனம் உட்கார்ந்து
பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது.
இத்தனை அமைதியான ஆட்டத்துக்கு
நான் எண் வைத்ததில்லை.

ஐந்தாம் நாள் நாலு மீனவர்கள்
வேறு தீவில் ஒதுங்கி, உயிரோடு திரும்பினார்கள்.
நாலு அட்டையை ஒரே புரட்டு.
யாரோ விசிலடித்தார்கள்.
அடித்தவனே அழுதான்.

ஒன்பதாம் நாளுக்கு மேல் எண் நகரவில்லை.
எண்பத்தெட்டு. ஏழு.
துருப்பிடித்த அதே ஏழு.

மூன்று மாதம் கழித்துப்
புது வளையம் அடித்தார்கள்.
பக்கத்து ஊர் அணி படகில் வந்தது.
பந்தில் காற்றுப் போதவில்லை, தரையில் பட்டால்
மனமில்லாமல் எழுந்தது.
‘பூஜ்யம் வை, ஃபிலா’ என்றார் நடுவர்.
இடப்பக்கத்தைப் பூஜ்யமாக்கினேன்.
வலப்பக்கம் கை போனது. நின்றது.

விருந்தினர் ஏழு புள்ளி முன்னிலையில்
ஆட்டம் தொடங்கியது.
நடுவர் பலகையைப் பார்த்தார், விசிலை ஊதினார்.
வந்தவர்களின் தலைவன் மட்டும்
‘எங்களுக்கு வேண்டாம் அக்கா’ என்று அருகில் வந்தான்.
என் விரலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

இன்றுவரை அப்படியேதான் தொடங்குகிறோம்.
போன மூன்று இறுதியாட்டங்களில்
இரண்டை ஐந்து புள்ளியில் தோற்றோம்.
யாரும் கணக்குக் கேட்டதில்லை.